தோடை (ஆரஞ்சு) எங்கள் வளவுக்கு எப்போது வந்தது? தெரிந்தவர்கள் உதவுங்கள்

உறவுகளே, நல்லூரில் எங்கள் பாடசாலைக் கண்காட்சிக்காக, யாழ்ப்பாணத்து வளவுகளுக்குப் பழமரங்கள் வந்த கதையைச் சுவரொட்டியாக வரைகிறோம். இரண்டு கிழமைதான் இருக்கிறது. தோடையில் வந்து முட்டி நிற்கிறேன்.

மா, பலா, வாழை பழைய உரிமைக்காரர். பப்பாசி, கொய்யா, அன்னாசி, அன்னமுன்னா எல்லாம் அமெரிக்காவில் பிறந்தவை. ஆகவே 1492க்கு முன் இங்கே இருந்திருக்க வழியில்லை. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைப் பிடித்தார்கள் என்பதால் அவற்றை அந்தக் காலத்தை ஒட்டி வைத்துவிட்டேன்.

தோடைதான் பிடிகொடுக்கவில்லை. சீனப் பக்கம் பம்பளிமாசும் மாண்டரினும் கலந்து பிறந்த பழம் அது. புளிப்பு வகையை அராபியர் பத்தாம் நூற்றாண்டளவில் மத்தியதரைக் கடல்வரை கொண்டுபோனார்கள். இனிப்பு வகை ஐரோப்பாவில் பரவியது 15, 16ஆம் நூற்றாண்டுகளில். வடமொழி நாரங்கம், அரபியில் நாரஞ், ஸ்பானியத்தில் நரான்ஹா என்று பெயரும் கூடவே பயணம் போயிருக்கிறது. நாங்களோ நாரத்தையைப் புளிப்புக்காரனுக்கு விட்டுவிட்டு, இனிப்பைத் தோடை என்கிறோம். சிங்களத்திலும் தொடம்!

அகராதிகளைப் புரட்டினேன், அவை பொருள் சொல்லும், வந்த ஆண்டைச் சொல்லாது. நூலகத்தில் கேட்டேன், 1981இல் எரிந்த ஏடுகளை நினைத்துப் பெருமூச்சுதான் மிச்சம். வயதானவர்கள் "அப்பு காலத்திலேயே நின்றது" என்கிறார்கள். எந்த அப்பு?

உங்கள் வீட்டுப் பழைய காணி உறுதியிலோ, ஒல்லாந்தர் காலத் தோம்பு என்ற காணிப் பதிவேட்டின் பிரதியிலோ, வைத்திய ஏட்டிலோ 1800க்கு முன் தோடை என்ற சொல்லைப் பார்த்தவர் யாராவது இருக்கிறீர்களா?