செயில்ஃபிஷ் ஐந்தாம் பதிப்பு: நம் கடற்கரைக்கு ஒத்துவருமா?

பாம்பன் வாசகர்:
வணக்கம். நோக்கியாவிலிருந்து வெளியேறியவர்கள் பின்லாந்தில் தொடங்கிய ஜொல்லா நிறுவனம் 2013 முதல் வெளியிட்டுவரும் செயில்ஃபிஷ் இயங்குதளத்தின் ஐந்தாம் பதிப்பை, என்னிடமுள்ள சோனி எக்ஸ்பீரியாவில் நிறுவ எண்ணுகிறேன். விசைப்படகில் தொழிலுக்குச் செல்லும் என் அண்ணனுக்கும் இதைப் பரிந்துரைக்கலாமா?

கீழக்கரை வாசகர்:
தம்பி, எட்டு மாதங்களாக நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன். கூகுள் கணக்கைக் கேட்காமலே இயங்குவதும், பொத்தான்களைத் தேடாமல் விரலை ஓரத்திலிருந்து இழுத்தே எல்லாவற்றையும் செய்ய முடிவதும் எனக்கு மிகவும் பிடித்திருக்கின்றன. ஆண்ட்ராய்டு செயலிகளை இயக்கும் வசதியும் உண்டு. அதற்குக் கட்டண உரிமம் வாங்க வேண்டும். ஆனால், கூகுளின் பாதுகாப்புச் சோதனையை எதிர்பார்க்கும் வங்கிச் செயலிகள் பல திறப்பதில்லை. என் வங்கியின் செயலியும் அப்படித்தான். பணம் அனுப்ப இன்னொரு கைபேசி வைத்திருக்கிறேன்.

தொண்டி வாசகர்:
அண்ணனுக்கு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கரை மறைந்தபின் சிக்னல் இராது. ஜிபிஎஸ் மட்டுமே துணை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்கென உருவாக்கிய, கடல் எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கும் செயலி ஆண்ட்ராய்டுக்காக எழுதப்பட்டது. கடல் எல்லைக்கு அருகே அது தடுமாறினால் உயிருக்கே ஆபத்து. செயலிகள் வந்து சேராததால்தான் மைக்ரோசாஃப்ட் போன்ற பெருநிறுவனமே கைபேசி விண்டோஸைக் கைவிட்டது.

பாம்பன் வாசகர்:
நன்றி. என் கைபேசியில் மட்டும் நிறுவுகிறேன். அண்ணனிடம் ஆண்ட்ராய்டே இருக்கட்டும்.