ராயபுரம் பக்கம் இருப்பவர்கள் உதவுங்கள், அம்மாவுக்காக

அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். யோவான் நற்செய்தி 11-ஆம் அதிகாரத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்கிறார். என்னை நம்புகிறவர் இறந்தாலும் வாழ்வார் என்று இயேசு மார்த்தாவிடம் சொல்லி, இறந்துபோன அவருடைய சகோதரர் லாசரை உயிரோடு எழுப்பும் பகுதி அது. "லாசரும் அப்புறம் ஒருநாள் செத்துத்தானே இருப்பார், மார்த்தாவுக்குக் கொடுத்த வாக்கு போகலையே" என்கிறார். இந்தத் தெளிவு வீட்டில் வேறு யாருக்கும் இல்லை.

நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில் பூசுதல் என்ற அருட்சாதனத்துக்குப் பங்குச் சாமியாரை அழைக்கலாம் என்றால், "அதற்குள் என்ன அவசரம்" என்று அண்ணன் தடுக்கிறார். அது கடைசி மூச்சுக்கு மட்டுமானதல்ல. கடும் நோயில் இருப்பவர்கள் பெறலாம், நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். அம்மா நினைவோடு இருக்கும்போதே, தன் வாயால் ஆமென் சொல்லிப் பெற வேண்டும். இப்படி மறுத்தவர்களிடம் உங்கள் வீட்டில் எப்படிப் பேசினீர்கள்?

காசிமேடு கல்லறையில் அப்பாவின் குழியிலேயே தன்னையும் வைக்கச் சொல்கிறார். அதற்கு என்னென்ன காகிதம் தேவை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நான் வேலை முடிந்து வர இரவாகிவிடுகிறது. காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் அக்காமார் யாராவது மாலையில் வந்து அம்மாவோடு ஜெபமாலை சொல்ல முடியுமா? உள்பெட்டியில் எழுதுங்கள், முகவரி தருகிறேன்.