மூணார் பழைய ரயில் தடத்தில் ஜியோகேச் பெட்டி: மேப் வேறு எங்கோ காட்டுகிறது, உதவுங்கள்

கொட்டகுடி:
வணக்கம். மூணாரிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய பழைய குண்டளை ரயில் தடத்தை ஒட்டி ஒருவர் ஜியோகேச் பெட்டி (ஜிபிஎஸ் எண்ணை வைத்துத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதும் விளையாட்டுக்காக ஒளித்துவைக்கிற பெட்டி) வைத்திருக்கிறார். கொடுத்த எண் வடக்கு 10° 06.120, கிழக்கு 77° 06.540. குறிப்பு: "மாட்டுப்பெட்டி ரோடு, ஏழு பேர் குளிக்கிற ஓடைக்கு மேலே." கூகுள் மேப்பில் 10.06120, 77.06540 என்று போட்டால் மூணார் டவுனுக்குத் தெற்கே ஏதோ ஒரு தேயிலைச் சரிவைக் காட்டுகிறது, மாட்டுப்பெட்டியோ வடகிழக்கில் இருக்கிறது. போன் பிரச்சினையா? அந்தக் காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் தேயிலை எங்கள் கொட்டகுடிக்குத்தான் இறங்கியது, அதனால் இந்தப் பெட்டியை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்று இருக்கிறது.

கம்பம் காற்று:
தம்பி, போனில் ஒன்றும் இல்லை. 06.120 என்பது நிமிடம், பாகையின் தசமம் இல்லை. நிமிடத்தை 60ஆல் வகுத்துப் பாகையோடு கூட்டுங்கள்: 10.10200, 77.10900. இரண்டு இடத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஆறரை கிலோமீட்டர். மேப்பில் "10 06.120, 77 06.540" என்று நடுவில் இடம் விட்டுப் போட்டாலும் எடுத்துக்கொள்ளும். அப்புறம், அங்கே டவர் கிடைக்காவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், ஆனால் முதல் தடவை இடம் பிடிக்க நேரம் ஆகும், அதனால் டவுனிலேயே ஆஃப்லைன் மேப்பை இறக்கி வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கொட்டகுடி:
நன்றி அண்ணே, இப்போது புள்ளி மாட்டுப்பெட்டி ரோட்டோரம் விழுகிறது. நேரில் போனேன். ஓடைக்குப் பக்கத்தில் போனில் இடம் காட்டும் முள் இருபது முப்பது மீட்டர் அங்கும் இங்கும் தாவுகிறது. ஏழு பேர் யார் என்றும் புரியவில்லை.

எல்லப்பட்டி:
தம்பி, ஏழு பேர் கன்னிமார். ஓடையோரம் வரிசையாக ஏழு கல் நட்டு மஞ்சள் பூசியிருக்கும், பாருங்கள். வெள்ளிக்கிழமை உச்சி வேளையில் அவர்கள் குளிக்க வருவார்கள், அந்த நேரம் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று எங்கள் லயத்தில் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பெரியவர்கள் சொல்லித்தான் வளர்த்தார்கள். இன்னொன்றும் சொல்வார்கள்: பெருமழைக்கு முந்தின ராத்திரி ஓடைப் பக்கம் ரயில் ஊதும் சத்தம் கேட்குமாம். 1924 ஜூலையில் வந்த தொண்ணூற்றொன்பது வெள்ளம்தானே அந்த ரயிலையே அடித்துக்கொண்டு போனது, கொல்லம் ஆண்டு 1099 என்பதால் அந்தப் பெயர். வெள்ளத்துக்கு அப்புறம் தண்டவாளம் திரும்பப் போடவே இல்லை. 1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுத்த வண்டியாக ஆரம்பித்து, 1908இல் இரண்டடி அகலப் பாதையாகி நீராவி இஞ்சின் ஓடிய தடம் அது.

பெட்டி கற்களுக்கு நடுவே இருக்காது, இருக்கவும் கூடாது. கும்பிடுகிற இடத்தில் கை வைக்காதீர்கள், தேடுகிறேன் என்று கல்லைப் புரட்டினால் எனக்குக் கோபம் வரும். "மேலே" என்றால் கரைக்கு மேலே. எஸ்டேட் நடைபாதை செங்குத்தாக ஏறும். இஞ்சின் போன தடம் அப்படி ஏறாது, மலையை வெட்டி ஒரே சீராக வளைந்து போகும், பள்ளத்துப் பக்கம் கருங்கல் அடுக்கியிருக்கும். அந்தத் தடம் ஓடையைத் தாண்டும் இடத்தைப் பிடியுங்கள். எஸ்டேட் நிலம் என்பதால் முதலில் கங்காணியிடம் (எஸ்டேட் மேற்பார்வையாளரிடம்) சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள், யானை நடமாட்டம் எந்தப் பக்கம் என்று அவருக்குத்தான் தெரியும். சாயங்காலம் போகவே போகாதீர்கள்.

கம்பம் காற்று:
முள் தாவுவது பள்ளத்தாக்கினால். சிக்னல் சரிவில் மோதித் திரும்பி வருகிறது. வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்று எண் நிலைத்த பிறகு நடங்கள். பத்து மீட்டருக்குள் வந்துவிட்டால் போனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள். இந்த விளையாட்டில் நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் மண்ணைத் தோண்டிப் பெட்டியைப் புதைக்கக் கூடாது, அதனால் நீங்களும் தோண்ட வேண்டாம்.

கொட்டகுடி:
கிடைத்துவிட்டது! எல்லப்பட்டி அக்கா சொன்ன மாதிரியே தடம் ஓடையைத் தாண்டும் இடத்தில் இடிந்த கருங்கல் கட்டு, ஈரப் பாசி, அதன் மேல் வரிசையில் ஒரு கல் மட்டும் பாசியில்லாமல் காய்ந்து தனியாகத் தெரிந்தது. அதன் பின்னால்தான் பெட்டி. கன்னிமார் கற்கள் கீழே நன்றாகத் தள்ளி இருக்கின்றன, கிட்டே போகவில்லை. மூடி சரியாக மூடாததால் உள்ளே நோட்டு நனைந்து ஒட்டிக் கிடக்கிறது, வைத்தவருக்குப் பராமரிப்புக் குறிப்பு போட்டுவிட்டேன். அடுத்து போகிறவர்கள் ஒரு ஜிப் கவரும் சின்ன நோட்டும் பென்சிலும் கொண்டுபோங்கள், காலில் ஏறும் அட்டைப் பூச்சிக்கு உப்பும்.