கெதீவ் இஸ்மாயில் கப்பலில் போன பூட்டனைத் தேடுகிறேன்

உறவுகளுக்கு வணக்கம். கொட்டாஞ்சேனையில் இருந்து எழுதுகிறேன்.

என் அம்மப்பாவின் அப்பா இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கெதீவ் இஸ்மாயில் கப்பலில் இயந்திர அறை வேலையாளாக இருந்தவர். மொம்பாசாவில் இருந்து கொழும்புக்குத் துருப்புகளோடு வந்த அந்தக் கப்பலை, 1944 பெப்ரவரி 12 அன்று மாலைதீவுக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-27 தாக்கியது. சில நிமிடங்களிலேயே கப்பல் தாழ்ந்துவிட்டது. சுமார் 1,300 பேர் இறந்தார்கள். பூட்டன் வீடு திரும்பவில்லை.

இந்தக் கப்பலைப் பற்றி எழுதியவர்கள் படையினரையும் தாதியரையும் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். அடித்தட்டில் கரி, எண்ணெய், வெக்கையோடு நின்றவர்கள் யார், எந்த ஊர், பிள்ளைகள் என்ன ஆனார்கள்? எனக்கு அவர்கள் எல்லோருடைய கதையும் வேண்டும், பூட்டனுடையது மட்டும் போதாது.

போர்க்கால மாலுமிப் பட்டியல்கள் இலண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், பீ.டீ. 381 என்ற தொகுப்பில் இருக்கின்றன. அங்கே போகக்கூடிய யாராவது 1944க்கான இந்தக் கப்பலின் ஏட்டைப் படமெடுத்து அனுப்ப முடியுமா? செலவை நான் தருகிறேன். இறந்த இந்திய வணிகக் கப்பல் மாலுமிகளுக்கு மும்பையிலும் சிட்டகொங்கிலும் நினைவிடங்கள் உண்டு. அந்தப் பதிவேடுகளைப் பார்த்துப் பழக்கப்பட்டவர்கள் வழி சொன்னாலும் பெரிய உதவி.

அப்புறம் முகத்துவாரம், கொம்பனித்தெரு, தூத்துக்குடிப் பக்கம் பழைய கப்பல்காரக் குடும்பங்கள் இருந்தால், பெட்டியில் கிடக்கும் கடிதம், மாலுமிப் புத்தகம், படம் எதுவானாலும் சொல்லுங்கள். பூட்டனின் பெயரையும் படத்தையும் உள்பெட்டியில் அனுப்புகிறேன். அம்மப்பாவுக்கு வயது போய்விட்டது, அதனால் கொஞ்சம் சீக்கிரம் கிடைத்தால் நல்லது.