நிலக்கரிப் பங்கும் லண்டன்காரரும்

குழு: மச்சுவீட்டுச் சொந்தங்கள்

ஞாயிறு

பெரியப்பா (காலை 6:48):
தம்பி, 2010 அக்டோபரில் கோல் இந்தியா பங்கு வெளியீட்டுக்கு நான் விண்ணப்பம் போட்டது நினைவிருக்கிறதா? விலை 245 ரூபாய், நம்மைப் போன்ற சின்ன முதலீட்டாளர்களுக்கு 5 சதவீதம் தள்ளுபடி. இன்னும் விற்கவில்லை. நேற்று பழைய கோப்பைப் புரட்டியபோது 2012ஆம் வருடத்துச் செய்தித்தாள் நறுக்கு ஒன்று கிடைத்தது. லண்டனிலிருந்து ஒரு ஃபண்ட் அந்தக் கம்பெனி இயக்குநர்கள் மேல் வழக்குப் போட்டதாம். யார் அவர்கள்? அப்புறம் என்ன ஆனது?

நான் (7:20):
அந்த ஃபண்டை நடத்துபவர் கிறிஸ் ஹோன், பெரியப்பா. அப்பா ஜமைக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த கார் மெக்கானிக். மகன் சவுத்தாம்ப்டனில் கணக்கியல் படித்து, ஹார்வர்டில் எம்.பி.ஏ. முடித்தார். 2003இல் பலரின் பணத்தைத் திரட்டிப் பங்குகளில் போடும் 'சில்ட்ரன்ஸ் இன்வெஸ்ட்மென்ட் ஃபண்ட்' தொடங்கினார். சுருக்கமாக டி.சி.ஐ.

அத்தை (7:24):
குழந்தைகள் பெயரில் ஃபண்டா? ஏன்?

நான் (7:31):
இளம் வயதில் பிலிப்பைன்ஸில் வேலை பார்த்தபோது அங்கே கண்ட ஏழைக் குழந்தைகள் மனதை விட்டுப் போகவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார், அத்தை. மனைவி ஜேமி கூப்பருடன் சேர்ந்து ஒரு அறக்கட்டளை தொடங்கினார். ஃபண்டில் இருக்கும் பணத்தில் ஆண்டுக்கு அரை சதவீதம் அறக்கட்டளைக்கு. லாபம் 11 சதவீதத்தைத் தாண்டினால் இன்னொரு அரை சதவீதம். ஆரம்ப வருடங்களில் இதுதான் ஏற்பாடு. சம்பாதித்து முடித்த பிறகு தானம் செய்வோம் என்று தள்ளிப்போடாமல் முதல் நாளிலேயே ஒப்பந்தத்தில் எழுதிவைத்தார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

பெரியப்பா (7:40):
சரி, வழக்குக்கு வா.

நான் (8:05):
கோல் இந்தியாவில் அப்போது அரசுக்கு 90 சதவீதப் பங்கு, இவருக்கு 1 சதவீதத்துக்குச் சற்று மேல். 2012 ஜனவரியில் கம்பெனி நிலக்கரி விலையை மாற்றியது. மின் நிறுவனங்கள் எதிர்த்தன, அந்த மாதமே உயர்வைத் திரும்பப் பெற்றார்கள். ஏப்ரலில் மின் நிலையங்களோடு நிலக்கரி ஒப்பந்தம் போடச் சொல்லி குடியரசுத் தலைவர் பெயரில் உத்தரவு வந்தது. ஹோன் கேட்டது இதுதான்: "வெளியாருக்குப் பங்கு விற்றுப் பணம் வாங்கிவிட்டீர்கள். இப்போது இயக்குநர்கள் பங்குதாரர் எல்லாருக்காகவும் முடிவெடுக்கிறார்களா, அமைச்சகம் சொல்வதை மட்டும் செய்கிறார்களா?" முதலில் கடிதம், பிறகு டெல்லியிலும் கொல்கத்தாவிலும் உயர் நீதிமன்றம். 2014இல் பங்குகளை விற்றுவிட்டு வெளியேறினார்.

மாமா (8:22):
நான் மின்வாரியத்தில் முப்பது வருடம் இருந்தவன், இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஒடிசாவின் தால்ச்சரில் வெட்டிய கரி ரயிலில் பாரதீப் துறைமுகம் வரும், அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும். டன்னுக்கு நூறு ரூபாய் ஏறினால் அது கடைசியில் யார் தலையில் விழும்? வாரியத்தின் நஷ்டக் கணக்கில், இல்லையென்றால் உங்கள் வீட்டு மின் கட்டணத்தில். லண்டனில் இருப்பவருக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இல்லை. அரசுக்குத் தெரிய வேண்டும்.

பெரியப்பா (8:30):
நியாயம்தான் மாப்பிள்ளை. ஆனால் ஏழைக்கு மலிவு மின்சாரம் கொடுப்பது அரசின் கடமை என்றால், அதற்கு பட்ஜெட்டில் பணம் ஒதுக்கட்டும். என் பங்குக்கு வர வேண்டியதைச் சத்தமில்லாமல் எடுத்துக் கொடுப்பது எப்படிச் சரி? 2014 ஜனவரியில் ஒரு பங்குக்கு 29 ரூபாய் டிவிடெண்ட், அதாவது லாபத்தில் பங்கு, வந்தது. நான் மிகவும் சந்தோஷப்பட்டேன்.

நான் (8:41):
அந்த 29 ரூபாயில் பெரும்பகுதி, 16,000 கோடிக்கு மேல், அரசுக்கே போனது பெரியப்பா. பட்ஜெட் பற்றாக்குறையை மூட அரசுக்கும் அப்போது பணம் தேவைப்பட்டது. ஆனால் கம்பெனியில் பணம் சும்மா கிடக்கிறது என்று ஹோன் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமா (8:44):
விலை விஷயத்தில் நான் மாறவில்லை மச்சான். இயக்குநர் பற்றிய கேள்வி சரியான கேள்வி. அதை ஒத்துக்கொள்கிறேன்.

அண்ணன் - பெங்களூரு (9:50):
இப்போதுதான் எல்லாம் படித்தேன். இதே ஹோன் 2022 நவம்பரில் கூகுளின் தாய்க் கம்பெனி ஆல்ஃபபெட்டுக்குக் கடிதம் எழுதினார். ஆட்கள் அதிகம், சம்பளம் அதிகம் என்று. 2023 ஜனவரியில் 12,000 பேரை நீக்குவதாக அறிவித்தார்கள். அது போதாது, இன்னும் குறையுங்கள் என்று மறுபடி கடிதம். அந்த நேரத்தில் வேறொரு கம்பெனியில் வேலை இழந்த என் நண்பன் வீட்டுக் கடனை வைத்துக்கொண்டு எட்டு மாதம் தவித்தான். குழந்தைகளுக்கு நல்லது செய்கிறார், சரி. வேலை இழந்தவர் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

நான் (10:02):
இதை மறுக்க மாட்டேன் அண்ணா. 2007இலும் இப்படித்தான். ஏபிஎன் ஆம்ரோ வங்கியில் 1 சதவீதத்தை ஒட்டித்தான் வைத்திருந்தார். பிரித்து விற்கச் சொல்லிக் கடிதம் எழுதினார். சுமார் 7,100 கோடி யூரோவுக்கு மூன்று வங்கிகள் சேர்ந்து வாங்கின. அடுத்த வருடம் அவற்றில் இரண்டை அரசுகள் காப்பாற்ற வேண்டியதாயிற்று. பங்குதாரருக்கு நல்ல விலை கிடைத்தது. அந்தச் சுமையை மக்கள் சுமந்தார்கள்.

அக்கா (11:35):
அந்த அறக்கட்டளை என்ன செய்கிறது? யாரும் சொல்லவில்லையே.

நான் (11:48):
கென்யாவில் 2012 முதல் பள்ளிகள் வழியாகக் குடற்புழு நீக்க மாத்திரை கொடுத்த திட்டத்துக்குப் பெரும்பணம் கொடுத்தது, அக்கா. வருடத்துக்கு 50 லட்சம் குழந்தைகளுக்கு மேல். டெல்லியிலும் அலுவலகம் உண்டு.

அக்கா (12:10):
பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் என் வகுப்பில் நான் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரைதான்! நம் ஊரில் இது அரசுத் திட்டம். ஒவ்வொரு பிள்ளையும் என் முன்னாலேயே மென்று விழுங்க வேண்டும். அன்று வராதவர்களுக்கு அடுத்த வாரம் மறுபடி. மாத்திரை மலிவு, பதிவேட்டோடு கடைசிப் பிள்ளை வரை தேடிப் போவதுதான் வேலை. வயிற்றில் புழுவோடு சோர்ந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நான் நடத்தும் பாடம் எதுவும் ஏறாது. இதற்குப் பணம் போடத் தெரிந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை இருக்கிறது. அண்ணன் சொன்னதும் உண்மை.

அத்தை (12:15):
மனைவியோடு சேர்ந்து தொடங்கினார் என்றாயே, இருவரும் இப்போதும் நடத்துகிறார்களா?

நான் (12:21):
2014இல் மணமுறிவு, அத்தை. நீதிமன்றம் அந்த அம்மாவுக்கு 33 கோடி பவுண்டுக்கு மேல் கொடுக்கச் சொன்னது. அவர் தனியே ஒரு அறக்கட்டளை தொடங்கினார். பழைய அறக்கட்டளை அதற்கு 36 கோடி டாலர் தரும் விஷயம் 2020இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போய், தரலாம் என்று முடிந்தது.

மாமா (மாலை 5:10):
ஒரு சந்தேகம். நிலக்கரிக்கு நல்ல விலை கேட்டவர், இப்போது நிலக்கரியைப் பற்றி என்ன சொல்கிறார்?

நான் (5:26):
முழுக்கத் திரும்பிவிட்டார் மாமா. 2020இல் நிலக்கரிக்குக் கடன் கொடுக்காதீர்கள் என்று வங்கிகளுக்கு எழுதினார். கம்பெனிகள் தங்கள் பருவநிலைத் திட்டத்தை வருடா வருடம் பங்குதாரர் ஓட்டுக்கு விட வேண்டும் என்று ஒரு இயக்கமும் நடத்துகிறார். ஸ்பெயினின் விமான நிலையக் கம்பெனி ஏனா அதை 2020இல் ஏற்றுக்கொண்டது.

பெரியப்பா (5:40):
பதினைந்து வருடமாக ஆண்டறிக்கை வருகிறது, ஒரு தடவைகூட நான் வாய் திறந்து எதுவும் கேட்டதில்லை. பங்குதாரர் பொதுக்கூட்டம் இப்போது வீடியோவில்தானே நடக்கிறது? பேசுவதற்கு முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும் என்று அறிவிப்பில் பார்த்தேன். தம்பி, அடுத்த கூட்டத்துக்கு என் பெயரைப் பதிவு செய்து கொடு.

மாமா (5:43):
என்ன கேட்பீர்கள் மச்சான்?

பெரியப்பா (5:51):
சுரங்கம் மூடும் ஊர்களில் இருப்பவர்களுக்கு என்ன ஏற்பாடு, அதைப் பங்குதாரர் ஓட்டுக்கு வைப்பீர்களா? இரண்டே கேள்வி. நீங்கள் விலை பற்றி ஒன்று எழுதிக் கொடுங்கள், அதையும் சேர்த்துப் படிக்கிறேன்.

மாமா (5:53):
இன்று இரவே எழுதி அனுப்புகிறேன்.