கம்மஞ்சோறு: உரலா, மிக்ஸியா?

கேள்வி: ஏனுங்க, அப்பார்ட்மென்டுல உலக்கை போட்டா கீழ்வீடு அதிருது. மிக்ஸியில அடிச்சா கம்பு மாவாப் போயி, சோறு களியாயிடுது. வேற வழி இருக்குதுங்களா?

பதில் 1: ஊற வெச்சு அடிச்சா அப்படித்தானுங்க ஆகும். ஒரு டம்ளர் கம்புக்கு ரெண்டு பெரிய ஸ்பூன் தண்ணி தெளிச்சுப் பிசிறி, 10 நிமிசம் மூடி வையுங்க. தோல் மட்டும் நனையணும், உள்ள காஞ்சே இருக்கணும். ஜார்ல பாதிக்கு மேல போடாம, விட்டு விட்டு 4, 5 சுத்து. முறத்துல புடைச்சு உமியைத் தள்ளிட்டு இன்னும் ரெண்டு சுத்து. ரவையாட்டம் உடைஞ்சாப் போதும். உரல்லயும் இதே ஈரம்தான் வேலை செய்யுது, உலக்கைக்குன்னு தனி ருசி ஒண்ணும் கெடையாது.

பதில் 2: அடிச்சதைச் சலிச்சுருங்க. ஒண்ணுக்கு நாலு தண்ணி கொதிச்சதும் நொய்யை மட்டும் போட்டு, சிம்முல முக்கால் வேக்காடு. அப்பறமா மாவைக் கரைச்சு ஊத்திக் கிண்டுங்க. ஒண்ணாக் கொட்டுனா மாவு அடிப்புடிக்கும், நொய் வேகாது.

பதில் 3: உடைச்சதைச் சேத்து வெக்காதீங்க. கம்புல எண்ணெய்ச் சத்து சாஸ்தி, காத்துப் பட்டா கசந்துரும். மிஞ்சுனா ப்ரிட்ஜ்ல வையுங்க. சந்தையில உடைச்ச கம்பு வாங்குனா மோந்து பாத்து வாங்குங்க.