வாயனசாலையில் தமிழ்ப் புத்தகம்: போனில் படிக்க வழி சொல்லுங்கள்

லயத்துக்காரி:
கேரளத்தில் வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு எஸ்டேட் ஊர். சாயங்காலம் நாலரையிலிருந்து ஏழரை வரை இங்கே வாயனசாலையை, அதாவது நூலகத்தைத் திறந்து வைத்திருப்பது நான்தான். மலையாளத்துக்குப் பத்து பீரோ, தமிழுக்கு ஒன்று. அதிலும் கீழ்த்தட்டு கரையானுக்குப் போயாச்சு. வருகிறவர்களில் பாதிப்பேர் லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின் தமிழ் ஆட்கள்.

கமிட்டியில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தந்து, இனி எல்லாம் டிஜிட்டல் என்றார்கள். சரி என்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலிருந்து ஒரு பழைய நாவலை இறக்கி, ரிட்டயர்டு ஆன தாத்தா ஒருவரின் போனில் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் கண் சிவந்து வந்து நின்றார். "எழுத்தைப் பெருசாக்குனா பாதி வரி வெளிய ஓடிருது பாப்பா. இழுத்து இழுத்து கட்டைவிரல் தேஞ்சதுதான் மிச்சம்."

எழுத்து பெரிதாகிற மாதிரி தமிழ்ப் புத்தகம் எங்கே கிடைக்கும்? லயத்தில் ரேஞ்சு கிடையாது, தண்ணித்தொட்டி மேட்டுக்கு ஏறணும். அப்புறம் இன்னொன்று: புதுப் புத்தகங்களை ஸ்கேன் பண்ணி வாட்ஸ்ஆப்பில் போட்டுவிடலாம் என்கிறான் ஒரு தம்பி. செய்யலாமா?

கம்பம்மெட்டு:
அக்கா, நீங்கள் இறக்கியது பக்கத்தைப் படம் பிடித்த பிடிஎஃப். படம் விரியும், வரி மடங்காது. மதுரைத் திட்டம் என்ற இணையதளத்தைப் பாருங்கள். 1998 பொங்கலிலிருந்து தன்னார்வலர்கள் எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். படமாக இல்லாமல் எழுத்தாகவே (யூனிகோடு) இருக்கும், எவ்வளவு பெரிதாக்கினாலும் வரி அதுவாக மடங்கிக்கொள்ளும். மேட்டில் ஒருமுறை இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொண்டால் புளூடூத்தில் எத்தனை போனுக்கு வேண்டுமானாலும் தள்ளலாம்.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்:
அந்தத் தம்பியைத் தடுத்து நிறுத்தும்மா. நம் நாட்டில் எழுத்தாளர் காலமாகி 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு. கல்கி 1954-ல் மறைந்தார், அதனால் 2015 முதல் அவர் எழுத்து பொதுச்சொத்து. தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கியவற்றுக்கு இந்தக் கணக்கே வேண்டாம். புதுசுக்கு வழி, காசு கொடுத்து வாங்குவதுதான். வாயனசாலைக்கு ஆண்டு கிராண்ட் வருமே, அதில் தமிழுக்கு ஒரு பங்கு எழுதிக் கேள். வாயால் கேட்டால் அடுத்த கூட்டத்தில் மறந்துபோவார்கள். இது நான் பட்டு அறிந்தது.

சின்னக்கங்காணி பேரன்:
எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கொழுந்து கிள்ளிவிட்டு வந்ததும் காலை நீட்டி உட்காருவாங்க, போன் கதையைச் சத்தமாக வாசித்துக் காட்டும். எழுத்தாக இருக்கிற புத்தகத்தைத்தான் போன் வாசிக்கும், படத்தை வாசிக்காது. செய்யுள் மட்டும் வேண்டாம், கொன்றுவிடும்.

லயத்துக்காரி:
எல்லாருக்கும் நன்றி. தம்பியிடம் சொல்லிவிட்டேன், முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். கமிட்டிக்கு நாளை மலையாளத்திலேயே மனு எழுதிக் கொடுக்கப் போகிறேன். தாத்தாவுக்கு நேற்று எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன், இன்று கண் சிவக்கவில்லை. ஆனால் வாசலில் நின்றபடியே புதுப் புகார்: "நேத்து எந்தப் பக்கத்துல விட்டேன்னே தெரியல பாப்பா. இதுல எங்க காதை மடக்குறது?"